தேரிக்காட்டுச் சாஸ்தாவுக்குப் போகும் வழியில் கார் நின்றுவிட்டால்

பங்குனி உத்திரத்துக்குச் சென்னையிலிருந்து சொந்தக் காரில், 72 வயது அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, திருச்செந்தூர்ப் பக்கம் செம்மணல் மேடுகளான தேரிக்காட்டில் இருக்கும் உங்கள் குலசாமி சாஸ்தா கோயிலுக்கு வரப்போவதாகவும், சென்ற ஆண்டு கயத்தாற்றுக்கு அருகே நாலுவழிச் சாலையில் கார் நின்றுபோய் 4 மணி நேரம் ஐந்து பேரும் வெயிலில் தவித்ததாகவும் எழுதி, இந்த முறையும் அப்படி நேர்ந்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பாளையங்கோட்டையில் 20 ஆண்டுகளுக்கு மேல் வாடகை வேன் நடத்தியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கார் பழுதாவதற்குக் கார்தான் காரணம். ஆனால் 4 மணி நேரம் தவித்ததற்குக் காரணம், காரோடு சேர்ந்து ஐந்து பேரும் அங்கேயே நின்றதுதான். நானும் இதே தவற்றைச் செய்தவன். எங்கள் சாஸ்தா வள்ளியூர்ப் பக்கம். ஒரு உத்திரத்தன்று நாங்குநேரியைத் தாண்டியதும் என் வேனின் ரேடியேட்டர் மேல் ஹோஸ் வெடித்துவிட்டது. தொழில் தெரிந்தவன் என்ற திமிரில் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அதற்குள்ளேயே தலையை விட்டுக்கொண்டிருந்தேன். அதற்குள் நாகர்கோவில் பேருந்துகள் பல எங்களைக் கடந்து போய்விட்டன. கடைசியில் என் அம்மாதான், “வண்டி எங்கல ஓடிரப் போவுது? எங்கள ஏதாச்சும் ஒரு பஸ்ஸுல ஏத்தி விடுல” என்றார். அதன் பிறகு வேன் தொழிலில் அதையே வழக்கமாக்கிக்கொண்டேன். வண்டி ஒரு வேலை, பயணம் இன்னொரு வேலை. வண்டி நின்ற பத்தாவது நிமிடத்துக்குள் இரண்டையும் பிரித்து ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் காரைப் பார்த்துக்கொண்டால், அம்மாவையும் பிள்ளைகளையும் கோயிலுக்கோ ஊருக்கோ கொண்டுபோய்ச் சேர்ப்பது உங்கள் மனைவியின் பொறுப்பாக இருக்கட்டும். யாருக்கு எது என்பதைக் கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பழுதான காருக்குப் பக்கத்தில் நின்று பேசினால் அது சண்டையில்தான் முடியும்.

முதலில் காரை ஓரம் கட்டுவது. ஏதோ சரியில்லை என்று தோன்றியதுமே, வேகம் மிச்சமிருக்கும்போதே, இடப்பக்கம் ஒதுங்கிவிட வேண்டும். என்ஜின் அணைந்துவிட்டால் ஸ்டியரிங் கல்லாகக் கனக்கும். பிரேக்கும் இரண்டு மூன்று மிதிகளுக்குப் பிறகு கட்டையாகிவிடும். ஆகையால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே சீராக அழுத்துங்கள். வண்டி முழுவதும் நிற்கும்வரை சாவியை உருவாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். எல்லோரும் இடப்பக்கக் கதவு வழியாகவே இறங்கி, தடுப்புக் கம்பி இருந்தால் அதற்கு அப்பால் போய்விட வேண்டும். வண்டிக்கு நேர் முன்னால் நிழல் தேடி நிற்பது பலருக்குப் பழக்கம். பின்னாலிருந்து ஒரு லாரி மோதினால் வண்டி முன்னோக்கித்தான் பாயும் என்பதை யாரும் அந்த நேரத்தில் நினைப்பதில்லை. நடுத்திட்டுப் பக்கம் பிள்ளைகளை விடவே கூடாது. வாகனங்கள் ஒரு காரணம் என்றால், அங்கே வரிசையாகப் பூத்து நிற்கும் அரளி இன்னொரு காரணம். அதன் பூவும் இலையும் தண்டும் எல்லாமே நஞ்சு, சின்னப் பிள்ளைகள் பறித்து வாயில் வைத்துவிடும்.

எச்சரிக்கை முக்கோணத்தைப் பலர் வண்டிக்குப் பின்னால் பத்தடியில் வைத்துவிட்டுத் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு நொடிக்கு 22 மீட்டர் கடக்கும். நாலுவழிச் சாலையில் 100 மீட்டர் பின்னால் வைத்தால்கூட அந்த ஓட்டுநருக்குக் கிடைப்பது நாலரை நொடிதான். நடந்து போய் வைக்கும்போது சாலை ஓரமாகவே, எதிரே வரும் வாகனங்களைப் பார்த்தபடி நடக்க வேண்டும். முக்கோணத்தின் காலில் ஒரு கல்லை வைத்துவிடுங்கள். பங்குனியில் அவ்வளவாகத் தேவைப்படாது. ஆனால் ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பணகுடி, காவல்கிணறு பக்கம் அடிக்கிற அடியில் முக்கோணம் வயலுக்குள் போய்விழும், திறந்த கார்க் கதவு கீலோடு மடங்கும்.

அடுத்து, இந்தப் பழுதோடு மெல்ல உருட்டிக்கொண்டு அடுத்த ஊர்வரை போகலாமா, கூடாதா என்பது. காசு மிச்சமாவதும் என்ஜின் வீணாவதும் இந்த ஒரு முடிவில்தான் இருக்கிறது. சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது. பிரேக் மிதி பஞ்சுபோல் இறங்கினாலும் அப்படியே. பேட்டரி விளக்கு எரிந்தால் கதை வேறு. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் மின்சாரம் தரவில்லை என்று அதற்குப் பொருள். பேட்டரியில் இருக்கும் மின்சாரத்தைக் கொண்டு ஏசி, பாட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, நடுவில் என்ஜினை அணைக்காமல், பகலில் அடுத்த ஊர்வரை பெரும்பாலும் போய்விடலாம். ஆனால் சில என்ஜின்களில் ஆல்டர்னேட்டரைச் சுற்றும் பெல்ட்தான் தண்ணீர்ப் பம்பையும் சுற்றுகிறது. பெல்ட் அறுந்திருந்தால் வெப்பமுள் ஏறத் தொடங்கும், ஏறினால் நிறுத்திவிட வேண்டியதுதான். கிளட்ச் வழுக்குவது போன்றவை மெதுவாகப் போனால் ஊர் சேர்க்கும்.

வெப்பமுள் ஏறுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து ஏறத்தாழ 600 கிலோமீட்டர், ஏசி போட்டு, ஐந்து பேரும் பொங்கல் சாமானும் ஏற்றிக்கொண்டு வரும் பழைய கார்கள் சாத்தூருக்கும் கங்கைகொண்டானுக்கும் இடையில் உச்சி வெயிலில் நிற்பது பெரும்பாலும் இதனால்தான். முள் வழக்கமான இடத்தை விட்டு மேலே நகர்ந்ததும் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில், விசிறியை முழு வேகத்தில் வையுங்கள். வெயிலில் ஹீட்டரா என்று பிள்ளைகள் அலறும். ஆனால் அதுவும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான், என்ஜினின் சூட்டைக் கொஞ்சம் வெளியே எடுக்கும். அதற்கும் முள் இறங்கவில்லை என்றாலோ, பானெட்டுக்கு அடியிலிருந்து ஆவி வந்தாலோ ஓரம் கட்டி அணைத்துவிட வேண்டும்.

அதன் பிறகு குறைந்தது முக்கால் மணி நேரம் ரேடியேட்டர் மூடியைத் தொடக் கூடாது. ஈரத் துணியைப் போட்டுத் திருகினால் ஒன்றும் ஆகாது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்; அப்படித் திருகி முன்கை முழுவதும் தோல் உரிந்த ஓட்டுநர் ஒருவரை நானே மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்கிறேன். மூடிக்குள் அழுத்தம் இருப்பதால் உள்ளே இருக்கும் நீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடி தளர்ந்ததும் அழுத்தம் போய், அவ்வளவும் ஒரே நொடியில் கொதித்து முகத்தில் பீறிடும். ஆறிய பிறகு பாருங்கள். என் வேனில் வெடித்த ஹோஸில் கிளிப்புக்கு ஒரு விரல் தள்ளி, நகத்தால் கீறியது போல ஓர் அங்குல நீளத்துக்கு வெடிப்பு. அந்த இடத்தில் ரப்பர் உப்பி, தொட்டால் கொழகொழவென்று இருந்தது. இரண்டு மாதமாகவே அது உப்பியிருக்க வேண்டும், நான்தான் பார்க்கவில்லை. வெடிப்பு கிளிப்புக்கு அருகில் இருந்தால், அந்தத் துண்டை அறுத்துவிட்டு ஹோஸை இழுத்து மறுபடி கிளிப் போட்டு முறுக்கினால் அடுத்த ஊர்வரை தாங்கும். தண்ணீரைச் சூடான என்ஜினில் சட்டென்று ஊற்றினால் என்ஜினின் மேல்பாகமான ஹெட் வெடிக்கக்கூடும்; ஆறிய பிறகு, சிறிது சிறிதாக ஊற்றுங்கள். ஆயில் குச்சியை உருவிப் பார்க்கையில் ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே கலந்துவிட்டது. அந்த வண்டியை இனி இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும், ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.

இனி குடும்பத்தை நகர்த்துவது. இந்த வட்டாரத்தில் அதற்கு வழியில்லாத இடம் குறைவு. ஆனால் நாலுவழிச் சாலையில் கைகாட்டிப் பேருந்தை நிறுத்தலாம் என்று எண்ணாதீர்கள். இடைநில்லாப் பேருந்துகள் நிற்காது, நிற்க முயன்றாலும் அது ஆபத்து. யாராவது ஒருவர் சர்வீஸ் ரோட்டுக்கு இறங்கி, பக்கத்து ஊரிலிருந்து ஓர் ஆட்டோவை வரவழைப்பதே நல்லது. பெட்ரோல் பங்க்கிலோ டீக்கடையிலோ, “அண்ணாச்சி, வயசானவங்களும் பிள்ளைகளும் இருக்காங்க, ஒரு ஆட்டோ சொல்லுங்க” என்று கேட்டால் போதும். ஆட்டோக்காரரின் எண் இல்லாத டீக்கடை இங்கே கிடையாது. சென்ற ஆண்டு நீங்கள் நின்ற இடத்திலிருந்து கயத்தாறு ஊருக்குள் போய்விட்டால் திருநெல்வேலி 30 கிலோமீட்டருக்குள்தான். வேய்ந்தான்குளத்தில் இருக்கும் புதிய பேருந்து நிலையத்தில் இறங்கினால் அங்கிருந்தே திருச்செந்தூர்ப் பேருந்துகள் கிடைக்கும். கோவில்பட்டிப் பக்கம் என்றால் அங்கே ரயில் நிலையமும் உண்டு. திருநெல்வேலியைத் தாண்டித் திருச்செந்தூர்ச் சாலையில் நின்றுவிட்டால் கவலையே இல்லை. பேருந்துக்குப் பஞ்சமில்லாத சாலை அது, செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர் என்று பக்கத்திலேயே ரயிலும் ஓடுகிறது.

அம்மாவின் மாத்திரைகள், சர்க்கரை நோய் இருந்தால் அதற்கான மருந்து, தண்ணீர், கொஞ்சம் பணம், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மாற்றுடை ஆகியவை ஒரே கைப்பையில், டிக்கியில் அல்லாமல் இருக்கைக்கு அருகில் இருக்க வேண்டும். ஆட்டோ வந்ததும் அந்தப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு ஏறிவிடலாம். இன்சுலின் இருந்தால் டேஷ்போர்டில் வைக்காதீர்கள், அங்கே வெயிலில் கெட்டுவிடும். புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்தால் அதுவும் அம்மாவோடு போகட்டும். காரோடு நிற்பவர் டீக்கடையில் பார்த்துக்கொள்ளலாம். ஆட்டோ வரும்வரை எக்காரணம் கொண்டும் ஏசி இல்லாத காருக்குள் முதியவர்களையும் பிள்ளைகளையும் உட்கார வைக்காதீர்கள், கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தாலும் வேண்டாம்.

காரோடு நிற்பவர் செய்ய வேண்டியது இது. மதுரையிலிருந்து கன்னியாகுமரி வரையிலான நாலுவழிச் சாலை தேசிய நெடுஞ்சாலை 44. அதில் 1033 என்ற எண்ணை அழைத்தால் ரோந்து வண்டியும் தேவைப்பட்டால் கிரேனும் வரும், நீங்கள் கட்டும் சுங்கத்தில் அதுவும் சேர்த்திதான். எட்டூர்வட்டம், சாலைப்புதூர், நாங்குநேரி ஆகிய டோல்கேட்டுகளில் உங்களுக்கு அருகில் எது இருக்கிறது, சாலையோரக் கல்லில் எத்தனையாவது கிலோமீட்டர் என்று சொல்லத் தெரிந்திருந்தால் விரைவில் வந்துவிடுவார்கள். காரைச் சாலையிலிருந்து அப்புறப்படுத்திப் பாதுகாப்பான இடத்தில் சேர்ப்பதுதான் அவர்கள் வேலை. உங்கள் கம்பெனிப் பட்டறைவரை இழுத்துப்போக எதிர்பார்க்காதீர்கள். திருநெல்வேலியிலிருந்து தென்காசி போகும் சாலை மாநில நெடுஞ்சாலை. குற்றாலம் போகும் எண்ணமிருந்தால் அங்கே 1033-ஐ நம்பாதீர்கள். போலீஸ் உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108 எங்கும் உண்டு. காப்பீட்டில் சாலையோர உதவி சேர்த்து வாங்கியிருந்தால் அந்த எண்ணைக் காகிதத்திலும் எழுதி வையுங்கள், அந்த நேரம் பார்த்துத்தான் செல்போனில் சார்ஜ் இருக்காது. சாதாரணக் காப்பீடு விபத்துக்குத்தான். இயந்திரப் பழுதுக்கு அதில் பணம் கிடைக்காது. ஆட்டோமேட்டிக் கியர் வண்டியாக இருந்தால் கயிறு கட்டி இழுக்க விடாமல், முழுவதும் மேலே ஏற்றிச் செல்லும் வண்டியைத்தான் கேட்க வேண்டும். சக்கரம் தரையில் உருண்டால் கியர்பெட்டி போய்விடும்.

ஒன்றை வெளியூரில் இருப்பவர்கள் எதிர்பார்க்க மாட்டார்கள். உத்திரத்தன்று இங்கே பாதிப் பட்டறைகள் பூட்டியிருக்கும். மெக்கானிக் அண்ணாச்சிக்கும் ஒரு சாஸ்தா இருக்கிறாரே, அவரும் குடும்பத்தோடு எங்காவது ஒரு காட்டில் பொங்கல் வைத்துக்கொண்டிருப்பார். எனவே உத்திரத்துக்கு முந்தின நாள் பகலிலேயே திருநெல்வேலி வந்து சேர்ந்துவிடுவது நல்லது. வழியில் ஏதாவது ஆனாலும் பட்டறை திறந்திருக்கும். மெக்கானிக்கிடம் போனில் பேசும்போது “வண்டி ஓடல” என்று மட்டும் சொல்லாமல், எந்த வண்டி, எந்த ஆண்டு, பெட்ரோலா டீசலா, நிற்பதற்கு முன் என்ன சத்தம், என்ன வாடை, எந்த விளக்கு எரிந்தது என்று சொல்லுங்கள். முடிந்தால் மீட்டரைப் படமெடுத்து அனுப்புங்கள். தேவையான பொருளைக் கையோடு எடுத்து வருவார், இரண்டாவது நடை மிச்சம்.

பஞ்சர் பெரிய விஷயம் இல்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம், ஸ்டெப்னியை எடுக்கப் போகும்வரை. பல கார்களில் அது டிக்கித் தரைக்கு அடியில் இருக்கிறது. அதன்மேல் பித்தளைப் பானை, பச்சரிசி, வெல்லம், கரும்பு, விறகு எல்லாம் அடுக்கியிருக்கும். அவ்வளவையும் சாலையோரம் இறக்கி வைத்த பிறகு பார்த்தால் ஸ்டெப்னியில் காற்று இருக்காது. கிளம்புவதற்கு முந்தின நாள் அதில் காற்று அடித்து, ஜாக்கியையும் ஸ்பானரையும் தனியே பின்னிருக்கைக்கு அடியில் வைத்துவிடுங்கள். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்த டயர். ஐந்தாறு ஆண்டு தாண்டியிருந்தால், பட்டன் தேயாமல் இருந்தாலும், பங்குனி வெயிலில் நெடுந்தூரம் ஓட்ட அதை நம்ப வேண்டாம். சக்கரத்தைத் தூக்குவதற்கு முன்பே, தரையில் இருக்கும்போதே, ஒவ்வொரு நட்டையும் கால் திருகு தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு மிதித்தால் வண்டி ஜாக்கியிலிருந்து சரியும். டியூப்லெஸ் டயரில் ஆணி குத்தியிருந்தால் அதைப் பிடுங்காதீர்கள். அந்த ஆணியேதான் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கிறது; காற்று போதிய அளவு இருந்தால் மெதுவாகப் பஞ்சர் கடைவரை போய்விடலாம்.

தேரி மணல் தனிக்கதை. தேரிக்குடியிருப்புக் கற்குவேல் அய்யனார், மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் போன்ற கோயில்களுக்குச் சாலை இருந்தாலும், உத்திரக் கூட்டத்தில் காரை ஓரத்துச் செம்மணலில் இறக்கித்தான் நிறுத்த வேண்டியிருக்கும். திரும்பும்போது சக்கரம் சுழலும், கார் நகராது. அங்கே ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்த வண்டி தன் குழியைத் தானே தோண்டிக்கொள்ளும். அடிவயிறு மணலில் உட்கார்ந்துவிட்டால் டிராக்டர்தான் வர வேண்டும். சக்கரம் ஒரு முறை வழுக்கியதுமே நிறுத்தி, எல்லோரையும் இறக்கி, ஓட்டும் சக்கரங்களுக்கு முன்னால் இருக்கும் மணலைக் கையால் வழித்துவிட்டு, காய்ந்த பனையோலை மட்டைகளை அடியில் செருகுங்கள். தேரியில் அதற்குக் குறைவே இல்லை. மட்டையின் ஓரத்தில் கருக்கு அரம்போல இருக்கும், துணி சுற்றிக்கொண்டு பிடிக்க வேண்டும். டயர்க் காற்றை 18, 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால் டயர் அகன்று மணல்மேல் மிதந்து வரும். தார்ச்சாலை ஏறியதும் மறுபடி காற்று அடிக்காமல் வேகம் எடுக்கக் கூடாது. சிகரெட் லைட்டரில் செருகும் சிறிய பம்பு ஒன்று கையில் இருப்பது இதற்குத்தான். மணலில் ஜாக்கி போட வேண்டியிருந்தால் அடியில் ஒரு அடி சதுரப் பலகை வேண்டும், இல்லாவிட்டால் வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும். நிறுத்தும் இடத்தில் உடைமுள் கிடக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழுது பார்ப்பதிலும் ஒரு வரம்பு வேண்டும். சாலையோர மெக்கானிக் ஹோஸ், பெல்ட், பேட்டரி, ஃபியூஸ், விசிறி மோட்டார் இவற்றைக் கம்பெனிப் பட்டறையைவிட வேகமாகவே பார்த்துவிடுவார்; அவரைச் சந்தேகத்தோடு நடத்த வேண்டியதில்லை. ஆனால் ஹெட்டைக் கழற்ற வேண்டும், கியர்பெட்டியை இறக்க வேண்டும் என்றால், விடுமுறை அவசரத்தில் தெரியாத ஊரில் அதைச் செய்யாமல், காரைத் திருநெல்வேலியில் விட்டுவிட்டு நீங்கள் சாமி கும்பிட்டுத் திரும்புங்கள். இழுவை வண்டிக்கு எவ்வளவு என்று கொக்கி மாட்டும் முன்பே பேசிவிட வேண்டும். மாற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஹோஸ் மாற்றியிருந்தால் உடனே நெடுஞ்சாலை ஏறாமல், பட்டறையிலிருந்து பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி, கிளிப் அருகே ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். சக்கரம் மாற்றியிருந்தால் 50 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி ஒரு முறை முறுக்க வேண்டும். திருச்செந்தூரில் மாற்றினீர்கள் என்றால் அந்தக் கணக்கு பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் வரும்.